இருநூறு ஆண்டுப் பழைய கடிதம்

'கோடிக்கணக்கான பணம் உங்களுக்கே; முதலில் சிறு கட்டணம் அனுப்புங்கள்' என்று வரும் மின்னஞ்சலின் மூலம் பிரான்சியச் சிறையில் உள்ளது. கைதியாயிருந்து பின்னர் பாரிஸ் துப்பறியும் பொலிஸ் பிரிவின் தலைவரான விடோக், 1828இல் வெளியான தமது நினைவுக்குறிப்புகளில் 'ஜெருசலேம் கடிதங்கள்' பற்றிக் கூறுகிறார். புரட்சிக்கு அஞ்சியோடிய பிரபுவின் செல்வத்தை மீட்க முன்பணம் கேட்டுக் கைதிகள் எழுதினர். நூறு கடிதங்களில் இருபதுக்குப் பதில் வந்ததாம்.

நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு பிற்காலத்தில் இம்மோசடியின் பெயராயிற்று. அபுஜாவில் கட்டப்படவேயில்லாத விமான நிலையத்தின் பேரில், 1995 - 1998 காலப்பகுதியில் பிரேசில் வங்கியொன்று 242 மில்லியன் டொலரை இழந்தது. ஏமாந்தவர் பாமரரல்லர், அவ்வங்கியின் மூத்த அதிகாரி. விவகாரம் வெளிவந்து வழக்கானதால், பிரதான குற்றவாளிக்கு 2005இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தருவதாகச் சொல்பவன் முதலில் கேட்பானாயின், அதுவே அடையாளம். பதில் எழுதாதீர்கள், மின்னஞ்சலை அழிக்காமல் வங்கியிடமும் பொலிஸாரிடமும் முறையிடுங்கள். ஏமாந்தவர் வெட்கி மௌனம் காக்கும்வரை இக்கடிதத்துக்கு முதுமையில்லை.