அவியல்: மருந்துவாழ்மலைக்கும் ராக் இசைக்கும் என்ன உறவு?

தலைப்பைப் பார்த்து சமையல் குறிப்பு என்று வந்திருந்தால் மன்னிக்கவும். இது நாஞ்சில் நாட்டுப் பந்தியில் விழும் அவியலைப் பற்றியது அல்ல. 2003-ல் திருவனந்தபுரத்தில் சில இளைஞர்கள் தொடங்கிய ராக் இசைக்குழுவின் பெயர்தான் அவியல்.

"அது மலையாளக் குழு ஆயிற்றே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்தக் காலச் சூழலைப் பார்ப்போம். கேரளத்தில் ராக் இசை புதிது அல்ல. 1970-களிலேயே கொச்சியில் '13 ஏடி' என்ற குழு இருந்தது. 1996-ல் அதே ஊரில் 'மதர்ஜேன்' தொடங்கியது. ஆனால் இவர்கள் பாடியது ஆங்கிலத்தில். ராக் என்றால் ஆங்கிலம் என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். தாய்மொழியில் பாடினால் அது சினிமாப் பாட்டு, இல்லையென்றால் பக்திப் பாட்டு.

அவியல் அந்தச் சட்டத்தை மீறியது. 'நட நட' என்ற முதல் பாடலில் ஆனந்தராஜ் பெஞ்சமின் பாலின் குரல் தனித்து நின்றது. பிறகு டோனி ஜான் பாடகரானார். ரெக்ஸ் விஜயன் கிட்டார், நரேஷ் காமத் பேஸ், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ். முதல் ஆல்பம் வெளிவர 2008 ஆகிவிட்டது. ஐந்து வருடம்! ஆனாலும் காத்திருந்தவர்கள் ஏமாறவில்லை. 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் இவர்கள் பாட்டு வந்தபோது சினிமாவே இவர்களைத் தேடி வந்தது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். அந்த ஆல்பத்தில் 'ஆடு பாம்பே' என்று ஒரு பாடல் உண்டு. வரிகள் ஸ்ரீ நாராயண குரு இயற்றிய 'குண்டலினிப் பாட்டு'. பாம்பை ஆடச் சொல்லும் அந்த முறை நம் பாம்பாட்டிச் சித்தரின் வழி. பாம்பு என்பது யோகிகள் சொல்லும் குண்டலினி. குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். 'ஒழிவிலொடுக்கம்' நூலை மலையாளத்தில் தந்தவர், தமிழிலேயே பதிகங்களும் பாடியவர். 1888-ல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நிறுவி சாதிக் கட்டுப்பாட்டை உடைப்பதற்கு முன், அவர் தவம் செய்த இடங்களில் ஒன்று மருந்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தின் ஜன்னலில் தெரியுமே, அதே மலை!

1956 நவம்பர் 1 வரை நாமும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தோம். பத்மநாபபுரம் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரம். எல்லைக்கோடு மாறியது, பாட்டுக்கு எல்லை தெரியவில்லை. சித்தர் மரபு தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போய், நூறு வருடம் கழித்து எலெக்ட்ரிக் கிட்டாரோடு திரும்பி வந்திருக்கிறது.

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, ஒரு சின்ன வருத்தமும் உண்டு. அவர்கள் தங்கள் பழைய பாட்டைத் தேடி எடுத்தார்கள். நம்மிடம் வில்லுப்பாட்டு இருக்கிறது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று தாளத்துக்குக் குறைவே இல்லை. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சினிமா வரை கொண்டுபோனார். ஆனால் இன்று கிட்டார் கற்கும் நம் பையன்களில் எத்தனை பேர் ஒரு கோயில் கொடையில் உட்கார்ந்து வில்லுப்பாட்டை முழுதாகக் கேட்டிருப்பார்கள்? நானே பாதியில் எழுந்து வந்தவன்தான்.

அவியலின் ருசி, எந்தக் காயும் தன் சுவையை இழக்காமல் ஒன்று சேர்வதில் இருக்கிறது. அந்தக் குழு பெயரைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. அடுத்த கொடைக்கு நான் கடைசி வரை உட்காரப் போகிறேன். கிட்டார் வாசிக்கும் நண்பர்களே, நீங்களும் வாருங்கள்.