செங் ஹோவின் கல்லும் நம் பிள்ளைகளின் சீனப் பயணமும்

பிள்ளை ஒருவர் சீன மொழி வழங்கும் நாட்டில் ஓராண்டு பயிலப் புறப்படுகிறார் என்றால், போடிநாயக்கனூரில் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி உணவும் ஜும்ஆவும் பற்றியதே. நியாயமான கவலை. ஆயினும் அவ்வழி புதியதன்று.

14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானின் விருந்தினராயிருந்த இப்னு பதூதா, பின்னர் சீனத்தின் ஸைத்தூன் துறைமுகத்தை அடைந்தார். சீன நகரங்களில் முஸ்லிம்களுக்கெனத் தனிக் குடியிருப்பும் பள்ளிவாசலும் காஜியும் இருந்ததைப் பதிவு செய்தார். இன்று சுவான்சோ எனப்படும் அவ்வூரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. அது சிவன் கோயிலுக்குரியது. தமிழர் அங்கு வாழ்ந்தமைக்கு அதுவே சான்று.

எதிர்த்திசையில் வந்தவர்களிடம் கற்க வேண்டியது அதிகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, யுன்னான் பகுதியின் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் நிறுவிய கல் இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழி வாசகங்கள் உள்ளன. கல்லிலுள்ள நாள் 1409 பிப்ரவரி. ஆகவே அது நான்ஜிங்கிலேயே ஆயத்தமாகிக் கப்பலேறியது என்பர் ஆய்வாளர். சேரும் ஊரின் மொழியைப் புறப்படுமுன்பே தேடிக்கொண்டவர்கள் அவர்கள்! பிந்தைய பயணங்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவானும் முஸ்லிமே. கொச்சியின் மிளகு வணிகத்தை அவர் எழுதிவைத்தார். கொச்சிக்கும் போடிக்கும் நடுவே நிற்பது நம் ஏலமலைதான்.

பெட்டியில் ஏலக்காய்ப் பொட்டலம் வைக்கும் பெற்றோர், சில மாதங்கள் முன்னதாகவே பிள்ளைக்குச் சீன மொழிப் பயிற்சியும் தரலாம். முதற்சொல்லாக ‘சிங்ஜென்’ இருக்கட்டும். சீனாவில் ஹலால் உணவகங்களின் பெயர்ப்பலகையில் காணப்படும் இரண்டு எழுத்துகள் அவையே.