ஓடு வேயவும் அனுமதியா?

தாம்பரத்தில் நம் தெருவில் பழைய வீடொன்றை இடித்தார்கள். குப்பையில் கிடந்த ஓடு ஒன்றை எடுத்துத் துடைத்தோம். பேசல் மிஷன், மங்களூர், 1865 என்ற எழுத்துகள் தெரிந்தன. அன்று மாலை வகுப்பில் வரலாற்றுப் பாடத்துக்கு அவ்வோடே நூலாயிற்று.

நம் பக்கத்துப் பறங்கிமலை தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறதே, அந்தப் போர்த்துக்கீசியப் பறங்கியர் முன்னரே காலூன்றிய கடற்கரை ஊர் கொச்சி. அதன் கோட்டைப் பகுதியில் செவ்வோட்டுக் கூரைகள் சரிந்து நிற்கும் காட்சியைப் பயண ஏடுகள் பாராட்டுகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகின்கீழ் வாழ அன்று உரிமை பெற்றிருந்தவர் யார்? அதையன்றோ முதலில் கேட்கவேண்டும்!

1503-இல் கொச்சியில் கோட்டை எழுப்பியவர்கள் தங்கள் தேவாலயத்தை மரத்தால்தான் கட்டினர். கல்லும் ஓடும் அரண்மனைக்கும் கோயிலுக்குமே உரியவை என்பது மலையாளக் கரையின் வழக்கம். பீரங்கியோடு வந்தவனே 1506-இல் மன்னனின் இசைவு பெற்றான். பிறகுதான் கல்லும் காரையும் கொண்டு கட்டினான். ஓட்டுக்கூரை வேய்ந்த புனித பிரான்சிஸ் தேவாலயம் 1516-இல் முடிந்தது. 1524-இல் மாண்ட வாஸ்கோட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். கோழிக்கோட்டில் ஆங்கிலக் கம்பெனியும் சாமூதிரியைக் கேட்டே தன் பண்டகசாலைக்கு ஓடு போட்டது.

கப்பல் உள்ளவன் கேட்டான், கிடைத்தது. சேற்றில் உழன்ற புலையன் எவரிடம் கேட்பான்? அரசவீதியில் நடக்கவே விடாதவர்கள் அவன் மனுவையா வாங்குவார்கள்? ஆடியில் ஒழுகும், கோடையில் தீப்பற்றும் ஓலைக்குடிசையே அவனுக்கு விதித்த வீடு. திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. கொட்டும் மழைக்குக்கூடச் சாதி பார்த்த நாடு இது! இராணி கௌரி பார்வதிபாய் ஆட்சியில்தான் (1815–1829) எல்லோரும் வீட்டுக்கு ஓடு வேயலாம் என்ற அறிவிப்பு அங்கே வந்தது. அறிவிப்பு வந்ததும் குடிசைகள் ஓட்டுவீடாகிவிடவில்லை. ஓடு வாங்கக் காசு வேண்டுமே!

1865-இல் மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியது. மதம் பரப்ப வந்தவர்களைப் போற்ற நாம் எழுதவில்லை. எனினும் நடந்தது நடந்ததே. மதம் மாறியதால் சாதியார் ஒதுக்கிவைக்க, பிழைப்பிழந்து நின்றவர்களுக்கு அவ்வாலை வேலை கொடுத்தது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓடுகளை இயந்திரம் அச்சுவார்த்தாற்போல் தந்தது. நாட்டோட்டைவிடக் குறைந்த எண்ணிக்கையே ஒரு கூரைக்குப் போதுமாயிற்று. கடையில் ஓடு வாங்குபவனிடம் மன்னனின் சீட்டு எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

அவ்வாலையில் களிமண் பிசைந்தவர்களுள் பலர், ஓட்டுக்கூரையின் நிழலில் ஒதுங்கவும் விடாத சாதிகளில் பிறந்தவர்கள்.