மே 21: நர்ஸ் லினியை நினைப்போம்



மே 12 உலகச் செவிலியர் நாள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படங்கள் வந்து குவியும். அதற்கு ஒன்பது நாள் கழித்து வரும் மே 21-ஐ நம் பக்கம் அதிகம் பேர் நினைப்பதில்லை. 2018-இல் அந்த நாளில்தான் கோழிக்கோட்டில் லினி புதுச்சேரி என்ற நர்ஸ் இறந்தார்.

கேரளத்து நர்ஸைப் பற்றித் திமிரியில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். திமிரி, கலவை, ஆற்காடு பக்கம் வேலூர் சி.எம்.சி.க்குப் போகாத வீடு எது? அங்கே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி போட்ட, புண் துடைத்த சிஸ்டர்களில் எத்தனையோ பேர் மலையாளப் பெண்கள். அந்த வேலூரில் 1909-லேயே நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியாகிவிட்டது. 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. என் மாணவிகளிலும் பலர் இன்று அந்த வெள்ளை உடையில் இருக்கிறார்கள். அதனால் இது நம் வீட்டுக் கதையும்தான்.

லினி கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் ஒப்பந்த நர்ஸ். நிரந்தர வேலை இல்லை. கணவருக்கு பஹ்ரைனில் வேலை. இரண்டு ஆண் பிள்ளைகள், பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. ஒருவர் வளைகுடாவில், ஒருவர் ஊரில் என்று குடும்பம் நடத்துவது என்னவென்று ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018 மே மாதத் தொடக்கத்தில் அந்த மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு ஒரு இளைஞர் வந்தார். லினி அவரைக் கவனித்துக்கொண்டார். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட அந்த இளைஞர் மே 5 அன்று இறந்தார். அது நிபா வைரஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதே குடும்பத்தில் அடுத்தடுத்து ஆட்கள் விழுந்த பிறகு, மாதத்தின் மூன்றாம் வாரத்தில்தான் மணிப்பாலிலும் புனேவிலும் நடந்த பரிசோதனைகளில் நோயின் பெயர் தெரிந்தது. அதற்குள் லினியும் படுக்கையில் விழுந்துவிட்டார்.

நிபா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வரும் நோய். 1998-99-இல் மலேசியாவில் முதலில் தெரியவந்தது. அங்கே பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2001-இல் நம் நாட்டில் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோய் தொற்றிய இடம் மருத்துவமனைதான். இதற்குத் தடுப்பூசி இல்லை. நோயாளியின் இருமலும் எச்சிலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் யார்? வீட்டில் தாய், மருத்துவமனையில் நர்ஸ்.

தனி வார்டில் இருந்தபடி லினி கணவருக்கு ஒரு சீட்டு எழுதினார். தான் போகும் நேரம் வந்துவிட்டது, இனிப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை, மன்னியுங்கள் என்றார். பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படியும், வளைகுடாவுக்குத் தன்னோடு அழைத்துப் போகும்படியும் கேட்டுக்கொண்டார். வேலையைப் பற்றியோ, வருத்தம் பற்றியோ ஒரு சொல் இல்லை. தாயாகவும் மனைவியாகவும் எழுதிய சில வரிகள்தான். தொற்று பயத்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. கோழிக்கோட்டிலேயே உடனே தகனம் செய்தார்கள். பிள்ளைகள் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு பரிசோதனையில் உறுதியான 18 பேரில் 16 பேர் இறந்தார்கள். கேரள அரசு பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. கணவருக்கு அரசு வேலை கொடுத்தது. 2019-க்கான தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது லினிக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இதெல்லாம் சரிதான்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. லினியோடு வேலை செய்த நர்ஸ்களைப் பார்த்து அந்த நாட்களில் பஸ்ஸில் ஆட்கள் விலகி உட்கார்ந்தார்கள். ஆட்டோவில் ஏற்ற மறுத்தார்கள். ஒரு பக்கம் லினியைத் தேவதை என்று புகழ்ந்துகொண்டிருந்த அதே வாரத்தில்தான் இது.

ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டிலும் இப்படி ஒருத்தி உண்டு. பெயர் சலோமி கார்வா. எபோலாவில் பெற்றோரை இழந்து, தானும் நோயிலிருந்து மீண்டு, மற்ற எபோலா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர். 2014-இல் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. 2017-இல் பிரசவத்துக்குப் பிறகு வலிப்பு வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, எபோலா வந்தவர் என்று பயந்து ஊழியர்கள் தொடவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவரும் ஒரு மனைவி, ஒரு தாய். பிழைக்கவில்லை.

கொரோனா காலத்தில் நாமும் இதைக் கண்ணால் பார்த்தோம். பால்கனியில் நின்று கைதட்டினோம். ட்யூட்டி முடிந்து வந்த நர்ஸை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகளும் அதே நாட்களில்தான் வந்தன.

பிள்ளைகளே, நர்ஸைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், கையுறை வேண்டாம், தூக்கம் வேண்டாம். மனுஷிக்கு இதெல்லாம் வேண்டும். லினிக்கும் வேண்டியிருந்தது.

நர்ஸாக இருக்கும் என் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. நோய்க்கு இன்னும் பெயர் தெரியாத நாளில்தான் உங்களுக்கு ஆபத்து அதிகம். முகக்கவசமும் கையுறையும் கேட்டு வாங்குங்கள் அம்மா. அதில் வெட்கமும் இல்லை, சேவைக்குக் குறைவும் இல்லை. மற்றவர்களுக்கு: உங்கள் தெருவில் ஒரு நர்ஸ் குடியிருந்தால் மே 21 அன்று போய், "சாப்பிட்டியாம்மா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்று கேளுங்கள்.

நலமுடன் இருங்கள்.