மடிக்கணினி அடாப்டர்

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை, மடிக்கணினி ஏற்கும் 19 அல்லது 20 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றும் கருவி. பெட்டாலிங் ஜெயாவில் 'சார்ஜர்' என்றே கேட்டு வாங்குவார்கள்.

மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் இடம் ரவாங். 1894இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி நிறுவினர். 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950களில் எழுந்த பெட்டாலிங் ஜெயா, 240 வோல்ட்டில் வளர்ந்த நகரம். 2008 முதல் நாட்டின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அதற்கு மேலே 10, கீழே 6 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம். பழைய 240 இந்த எல்லைக்குள்ளேயே அடங்குவதால் வீடுகளில் யாரும் எதையும் மாற்றவில்லை.

அடாப்டருக்கோ இந்த எண்ணெல்லாம் பெரிய பொருட்டில்லை. முன்பு மின்னழுத்தத்தைக் குறைக்க இரும்புக் கருவுள்ள மின்மாற்றி வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 65 வாட் தர அது ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். 1977இல் ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி, விரைந்து விட்டுவிட்டு இயங்கும் முறையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்றைய அடாப்டரும் அவ்வழிதான். முதலில் நான்கு டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்ப, மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்குகிறது. ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. இந்த வேகத்தில் தீப்பெட்டியளவு ஃபெரைட் மின்மாற்றியே போதும். மறுபக்கம் வெளிவரும் வோல்ட் கூடினாலோ குறைந்தாலோ, ஒளிவழிச் செய்தி திரும்பிப் போய் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும் நேரத்தைத் திருத்துகிறது. அதனால்தான் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் இங்குள்ள 230இலும் ஒரே அடாப்டர் வேலை செய்கிறது.

மின்காந்த இரைச்சலை அடக்க, இரு பக்கங்களுக்கும் நடுவே ஒரு சிறு மின்தேக்கி வைப்பது வழக்கம். எர்த் இணைப்பு இல்லாதபோது அதன் வழியே கசியும் நுண்ணிய மின்னோட்டம், உலோக உடல் கொண்ட கணினியைத் தடவினால் விரலில் சுருசுருக்கும். நல்ல அடாப்டரில் இதனால் ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில்: வெளிநாட்டு இருமுனைப் பிளக்கை நுழைக்க, மூன்று துளைச் சாக்கெட்டின் எர்த் துளையில் பேனாவைக் குத்திக் கதவைத் திறக்கும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. குழந்தைகளின் விரலையும் கம்பியையும் தடுக்க வைத்த கதவு அது.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மின்கம்பி வழி பாயும் திடீர் எழுச்சியை உள்ளே தாங்க வேண்டியது வேரிஸ்டர். மலிவு விலைப் போலிகளில் முதலில் காணாமற்போகும் பாகங்களுள் அதுவும் ஒன்று.

யுஎஸ்பி-சி வந்தபின் அடாப்டரும் கணினியும் பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட்டுகளில் ஒன்றைத் தேர்கின்றன. 2021இல் இந்த உச்சவரம்பு 48 வோல்ட், 240 வாட் வரை உயர்ந்தது.