ஒரு பாடல், இரண்டு பெயர்கள்: ‘டோப்ஸ்மோக்கர்’ இசைத்தொகுப்பின் பாடபேத வரலாறு

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த ‘ஸ்லீப்’ என்னும் மூவர் குழு, 1996ஆம் ஆண்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒரே ஒரு பாடலைப் பதிவுசெய்து, தன்னோடு ஒப்பந்தம் செய்திருந்த லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. குழு கலைந்தது. ஸ்டோனர் மெட்டல் என்னும் இசைவகையின் வரலாற்றைச் சொல்லும் எவரும் இந்நிகழ்வைக் கடக்காமல் போவதில்லை. வணிகம் ஒரு பெரும்படைப்பைப் புதைத்தது, ரசிகர்கள் அதைத் தோண்டியெடுத்தனர் என்பதே வழக்கமான கதை. கதை பொய்யன்று. ஆனால் புதைக்கப்பட்டதும் தோண்டியெடுக்கப்பட்டதும் ஒன்றுதானா என்னும் கேள்வியை அது எழவிடுவதில்லை. பெயரிலும் நீளத்திலும் வேறுபடும் இரண்டு பாடங்கள் இப்பாடலுக்கு உண்டு. அவ்வேறுபாடு சிறிதன்று.

முதலில் இசைவகையைப் பற்றிச் சிறிது. இதன் ஊற்றுக்கண் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறது. அங்கு தகடு வெட்டும் எந்திரத்தில் இரு விரல்நுனிகளை இழந்த டோனி ஐயாமி, பின்னர் ‘பிளாக் சாபத்’ குழுவில் தம் கித்தார் தந்திகளைத் தளர்த்தி வாசிக்கத் தொடங்கினார். தந்தி தளர்ந்தால் சுருதி தாழும், ஒலி கனக்கும். 1971இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில் அத்தாழ்ந்த சுருதி முழுமையாக ஒலிக்கிறது. அதன் முதற்பாடல் கஞ்சாவைப் போற்றுவது. ஆகத் தாழ்ந்த சுருதி, கஞ்சா என்னும் இரண்டு இழைகளும் ஒரே இசைத்தட்டில் வந்து சேர்ந்துவிட்டன. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியப் பாலைநிலத்தில், மின்னாக்கிகளை வைத்துக்கொண்டு திறந்தவெளியில் வாசித்த ‘கையஸ்’ முதலிய குழுக்கள் அவ்விழைகளை மீண்டும் முறுக்கின. ஸ்லீப் குழு ‘ஹோலி மவுன்டன்’ என்னும் தொகுப்பின் வழியே அறியப்பட்டதும் இக்காலத்தில்தான். அத்தொகுப்பு பிளாக் சாபத்தின் நல்ல மாணவர்கள் செய்தது. அடுத்த தொகுப்பில் மாணவர்கள் ஆசிரியரை விட்டு வெகுதூரம் போய்விட்டனர்.

ஆல் சிஸ்னெரோஸ் பாஸ் கித்தாரும் குரலும், மாட் பைக் கித்தார், கிறிஸ் ஹாக்கியஸ் டிரம்ஸ். மூன்றே பேர். ரிஃப் எனப்படும் குறுகிய கித்தார்ச் சொற்றொடர் ஒன்று தொடங்குகிறது, திரும்ப வருகிறது, மீண்டும் வருகிறது. எட்டு நிமிடங்களுக்குப் பிறகே குரல் நுழைகிறது. அதுவும் பாடுவதாக இல்லை. ஒரே சுரத்தை ஒட்டி ஓதுவதுபோல் இருக்கிறது. பாடல் சொல்லும் கதை எளியது: கஞ்சாவையே சமயமாகக் கொண்ட ஒரு கூட்டம் விவிலிய நிலப்பரப்பை ஒத்த பாலைவனத்தின் ஊடே புனித பூமியை நோக்கி நடக்கிறது. இரண்டு வரிகளில் அடங்கும் இக்கதைக்கு ஒரு மணி நேரம் எதற்கு என்று கேட்கலாம். நடை என்பதே நீளந்தான் என்பதுதான் விடை. பாலையைக் கடக்கும் அலுப்பை நான்கு நிமிடங்களில் வருணிக்கலாம், கேட்பவரை அதற்குள் இருத்த இயலாது. இருபதாம் நிமிடத்தை ஒட்டி, எவ்வளவு நேரம் சென்றது என்னும் கணக்கு கேட்பவரின் மனத்தில் குலைந்துபோகிறது. அதன்பின் ஹாக்கியஸ் தாளத்தட்டை ஒருமுறை மாற்றி அடித்தாலும் அது பெரிய நிகழ்ச்சியாகிவிடுகிறது.

இதை இராக ஆலாபனையோடு ஒப்பிடும் ஆசை இந்தியக் கேட்போருக்கு எழுவது இயல்பு. ஆயினும் ஒப்புமை நெடுந்தூரம் வராது. ஆலாபனை தாளக்கட்டிலிருந்து விடுபட்டு இராகத்தைச் சிறிது சிறிதாக விரிப்பது. இங்கோ தாளமே தூண். விரிவதற்கு எதுவும் இல்லை, திரும்புவதற்குத்தான் இருக்கிறது. (சிஸ்னெரோஸ் பின்னர் ஹாக்கியஸுடன் தொடங்கிய ‘ஓம்’ குழு, 2012இல் ‘அத்வைதிக் சாங்ஸ்’ என்றே ஒரு தொகுப்பு வெளியிட்டது. இந்தியத் தொடர்பைத் தேடுவோர் அங்கே தேடலாம்.)

இனிப் பாடங்களுக்கு வருவோம். பதிவு நடந்தது மென்டசினோ மாவட்டத்தின் காம்ப்சி என்னும் சிற்றூரில், பில்லி ஆண்டர்சனின் மேற்பார்வையில். அக்காலப் பதிவு நாடாவே பாடலுக்கு முதல் எதிரி. 2500 அடி நாடாச் சுருள், நொடிக்கு 30 அங்குலம் ஓடினால் ஏறத்தாழ 17 நிமிடங்களில் முடிந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினாலும் 33 நிமிடங்களே. எனவே இடையறாத பாடல் என்று உலகம் கொண்டாடுவது, உண்மையில் பகுதி பகுதியாக வாசித்து ஒட்டப்பட்டது. மூலம் என்று நாம் எண்ணுவதற்குள்ளேயே தையல் இருக்கிறது.

நிறுவனம் மறுத்த பிறகு பாடல் கள்ளப் பிரதிகளாகச் சுற்றியது. 1999இல் ‘ஜெருசலேம்’ என்னும் பெயரில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்தது. 52 நிமிடம், குறுந்தட்டில் ஆறு துண்டுகள். 2003இல் டீ பீ ரெக்கார்ட்ஸ் ‘டோப்ஸ்மோக்கர்’ என்னும் பெயரில், 63 நிமிடங்களும் ஒரே துண்டாக வெளியிட்டது. குழுவின் எண்ணத்துக்கு நெருங்கிய பாடமாகப் பிந்தையதே இன்று கொள்ளப்படுகிறது. அது சரியே. ஆனால் முந்தையதைக் குறைப்பிரதி என்று ஒதுக்குவதில் ஓர் இழப்பு உண்டு. ‘ஜெருசலேம்’ என்னும் பெயர் யாத்திரையை முன்னே நிறுத்திக் கஞ்சாவைக் குறியீடாக்குகிறது. ‘டோப்ஸ்மோக்கர்’ என்னும் பெயரோ கஞ்சாவை முன்னே நிறுத்தி யாத்திரையை வேடிக்கையாக்குகிறது. பாடல் இவ்விரண்டில் எதையும் மற்றதற்குக் கீழ்ப்படுத்துவதில்லை. பகடியும் வழிபாடும் அதில் ஒரே குரலில் ஓதப்படுகின்றன. ஒரு பெயரை மட்டும் அறிந்தவர் பாதிப் பாடலைக் கேட்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

அக்கலப்பு அந்த நிலத்துக்கும் அந்த ஆண்டுக்கும் உரியது. மென்டசினோ, ஹம்போல்ட், டிரினிட்டி என்னும் மூன்று மாவட்டங்களும் அமெரிக்கக் கஞ்சா விளைச்சலின் பேர்போன நிலங்கள். ‘மரகத முக்கோணம்’ என்னும் பட்டப்பெயர் பெற்றவை. 1983 முதல் அரசு ஹெலிகாப்டர்களை அனுப்பி அம்மலைகளில் பயிரைத் தேடி அழித்துவந்தது. அதே கலிஃபோர்னிய மக்கள் 1996 நவம்பரில், 215ஆம் முன்மொழிவின் வழியே, கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த வாக்களித்து இசைந்தனர். கடத்தற்பொருளாகவும் பிழைப்பாகவும் மருந்தாகவும் ஒரே செடி ஒரே ஆண்டில் நின்ற மாவட்டம் அது. குழுவினர் இந்த அரசியலை எண்ணிப் பாடினர் என்று வாதிடுவது மிகை. பாடலில் சட்டமும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை. எனினும் துரத்தப்படும் கூட்டம் வாக்களிக்கப்பட்ட நிலத்தை நோக்கி நடக்கும் பழங்கதை, அந்த மலைகளுக்கிடையே பதிவானபோது வெறும் கேலியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வானொலிக்கு அனுப்ப ஒரு துண்டும் இல்லாத தொகுப்பை என்னவென்று விற்பது? மறுப்பு அறியாமையால் விளைந்ததாக மட்டும் தோன்றவில்லை. பாடலின் வடிவத்தைச் சரியாகவே புரிந்துகொண்டதால் விளைந்தது எனவும் கொள்ள இடமுண்டு. கலைந்த பின் பைக் தொடங்கிய ‘ஹை ஆன் ஃபயர்’ குழு 2019இல் கிராமி விருது பெற்றது. 2009இல் மீண்டும் கூடிய ஸ்லீப், 2018 ஏப்ரல் 20ஆம் நாள், கஞ்சா விரும்பிகள் கொண்டாடும் நாளில், ‘தி சயின்சஸ்’ தொகுப்பை முன்னறிவிப்பின்றி வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் நாளிலிருந்தே கலிஃபோர்னியக் கடைகளில் பெரியவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி விற்கப்பட்டு வந்தது. புதிய தொகுப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் யாரும் எங்கும் தப்பிச் செல்வதில்லை.

‘டோப்ஸ்மோக்கர்’ இப்போது பெரிய வினைல் இசைத்தட்டாகவும் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடங்கள் அளவே நன்கு அடங்கும் அத்தட்டில் பாடல் மூன்று பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. விலை கொடுத்து வாங்கிய ரசிகர், கூட்டம் பாலையில் பாதி வழி நடந்துகொண்டிருக்கும்போது, இரண்டு முறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப்போட வேண்டியிருக்கிறது.