பலூன் மைட்ரல் வால்வு விரிப்பு

வாதக் காய்ச்சலால் தடித்து ஒட்டிச் சுருங்கிய மைட்ரல் (இருகூர்) வால்வை, நெஞ்சைத் திறக்காமல் வடிகுழாய் வழியே விரிக்கும் சிகிச்சை. 1982இல் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே முதலில் செய்தார்.

முறை: தொடை நாளம் வழியே வலது சோணையறைக்குச் சென்று, இடைச்சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் நுழைவர். வால்வுக்குள் செலுத்திய பலூனின் முன்பாதி முதலில் விரியும்; பின்பாதியும் விரிய, உடுக்கைபோல் இடை சிறுத்து வால்வில் பொருந்தும். கடைசியில் இடையும் விரிந்து ஒட்டுகளைப் பிரிக்கும்.

வரம்பு: சோணையறையில் இரத்தக்கட்டியோ வால்வில் பெருங்கசிவோ இருந்தால் தவிர்க்கப்படும். கசிவுக்கு, தகுந்தவர்களுக்கு, இதழ்களைக் கவ்வும் கிளிப் வேறாக உண்டு.

இலங்கை: கொழும்பு தேசிய வைத்தியசாலையில் செய்யப்படுகிறது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் நோயாளிக்கும், வாதக் காய்ச்சல் மீளாதிருக்க, 3–4 வாரங்களுக்கொருமுறை பென்சிலின் ஊசி தொடரவேண்டியிருக்கும்.